வாணிக மொழி

வாழ்க்கைக்கு வேண்டும் பொருள்கள் அனைத்தையும் ஒருவனே ஆக்கிக்கொள்ளுதல் இயலாது. நெல் விளைப்பவனுக்கு உப்பு வேண்டும். உப்பு விளைப்பவனுக்குத் துணி வேண்டும். துணி நெய்பவனுக்கு நெல் வேண்டும். தம்மிடத்து மிகுந்ததைப் பிறர்க்கு அளித்து, இல்லாததைப் பெற்றுக்கொள்ளும் இம்முறையே வாணிகம் எனப்படும். ஆயின், பொருளை மாற்றிக்கொள்வதற்கு முன்னர் மாற்றிக்கொள்ள வேண்டுவது வேறொன்று உண்டு. அது சொல்லாகும். விலை இன்னது, அளவு இன்னது, தரும் நாள் இன்னது என்பவற்றை இருவரும் ஒருபடித்தாக உணர்ந்த பின்னரே பொருள் கைம்மாறும். சொல்லில் ஐயம் நேரின் பொருளில் இழப்பு நேரும். ஆதலின், வேற்றுமொழி பேசுவாரோடு கொள்வினை கொடுப்பினை செய்ய விரும்புவோர், அவர்தம் வாணிக மொழியைக் கற்றல் இன்றியமையாததாகும்.

பண்டைத் தமிழர் பன்மொழி மாந்தரோடு பழகி வாணிகம் வளர்த்தனர். பல நாடுகளிலிருந்து வந்த பல மொழி பேசும் மக்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது உறைந்தமையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் எடுத்துரைக்கின்றார். அந்நகரத்து வணிகர் கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாதவர். கொடுக்கும்போது குறைவாகக் கொடாதவர் என்பதும் அந்நூலால் அறியப்படும். எகிப்து நாட்டின் செங்கடற்கரையிலுள்ள குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறையில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் காணப்பட்டன. முசிறித் துறையோடு நிகழ்ந்த கடல் வாணிகத்தைக் குறிக்கும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஒப்பந்தம் ஒன்று, வியன்னா நகரத்து நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றது. தமிழ் பேசும் வணிகரும் கிரேக்கம் பேசும் வணிகரும் மிளகையும் பொன்னையும் மாற்றிக்கொண்ட அந்நாளில், இருதிறத்தார் மொழியும் அறிந்தார் சிலரேனும் துறைதோறும் இருந்திருத்தல் வேண்டும்.

துபாஷிகள்

இருமொழி அறிந்து இடைநின்று பேசுவோரைப் பிற்காலத்தார் துபாஷி என்றனர். இரண்டு மொழியினர் என்பது இச்சொல்லின் பொருள். 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் இடம் பெற்றபோது, அவர்கட்குத் துணைநின்ற துபாஷி பேரி திம்மப்பா என்பவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் ஆளுநராகிய தூய்ப்ளேக்குத் துபாஷியாய் விளங்கியவர் ஆனந்தரங்கம் பிள்ளை. அவர் 1736-ஆம் ஆண்டு தொடங்கித் தாம் மறைந்த 1761-ஆம் ஆண்டு வரையில் தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு, அக்காலத்துச் செய்திகளை அறிதற்குப் பெருந்துணை புரிகின்றது. சென்னையில் துபாஷியாயிருந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1754 முதல் 1794 வரை வாழ்ந்தவர். அவர் விட்டுச்சென்ற அறப்பொருளைக் கொண்டு 1842-ஆம் ஆண்டில் கல்விச்சாலை தோன்றியது.

துபாஷிகளின் செல்வாக்கிற்குக் காரணம் யாது? ஆங்கில வணிகன் தமிழறியான்; துணி நெய்யும் தமிழன் ஆங்கிலம் அறியான். துணிக்கு முன்பணம் எவ்வளவு, துணி தரவேண்டிய நாள் எது, குறையுடைய துணிக்குக் கழிவு எவ்வளவு என்பவற்றை இருவரும் துபாஷியின் வாய்வழியாகவே அறிந்தனர். இடைநின்றவன் நேர்மையுடையவனாயின் இருவர்க்கும் நலம் விளைந்தது. அவன் ஒருவர் சொல்லைத் திரித்து மற்றவரிடம் கூறினால், அதனைக் கண்டறியும் ஆற்றல் இருவரிடத்தும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துபாஷி என்னும் பெயரே சென்னையில் சிலர்க்கு ஐயத்தை விளைவிப்பதாயிற்று. அவதானம் பாப்பையா என்னும் துபாஷி 1792-ஆம் ஆண்டில் சதிக் குற்றத்திற்காக வழக்காராயப்பெற்றுத் தண்டனை அடைந்த செய்தியும் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.

இடைநிற்பாரை முற்றும் நம்பியிருத்தல் தகாது என்பதைக் கம்பெனியார் காலப்போக்கில் உணர்ந்தனர். எல்லிஸ் என்னும் அறிஞரின் முயற்சியால் 1812-ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. இங்கிலாந்திலிருந்து வரும் இளம் அலுவலர்கள் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளை ஆங்குக் கற்றனர். ஆளவந்தவர்க்கே பிறமொழி கற்றல் வேண்டியதாயிற்று எனின், சிறு முதல் கொண்டு கடை நடத்துவோர்க்கு அது வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தன் வாயால் பேச இயலாதவன், தன் பணப்பையையும் பிறனிடம் ஒப்படைத்தவன் ஆகின்றான்.

அடி அண்ணாமலையில்

பிறமொழிப் பயிற்சியின் பயனை இந்நாளில் கண்கூடாகக் காண விரும்புவோர் திருவண்ணாமலைக்குச் செல்லலாம். அருணாசலேசுவரர் பெருங்கோயில் மலையின் கிழக்கே உள்ளது. மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில், பெருங்கோயிலுக்கு மலையின் மறுபுறத்தில் அமைந்தது அடி அண்ணாமலை என்னும் சிற்றூர். ஆதி அருணாசலேசுவரர் கோயில் இவ்வூரின்கண் உள்ளது.

திருவண்ணாமலைக்கு அயல்நாட்டார் வருதல் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கமாகும். 1911-ஆம் ஆண்டில் ஹம்ப்ரீஸ் என்னும் ஆங்கிலேயக் காவல் அலுவலர் இரமண மகரிஷியைக் காண வந்தார். அவரை இவ்வழிக்கு ஈர்த்தவர், வேலூரில் அவர்க்குத் தெலுங்கு கற்பித்த ஆசிரியரே என்பது கருதத்தக்கது. மொழி கற்கப் புகுந்தவர் மொழியோடு ஒரு நாட்டின் உள்ளத்தையும் கண்டார். 1931-ஆம் ஆண்டில் வந்த பால் பிரண்டன் எழுதிய ஆங்கில நூல் 1934-இல் வெளிவந்து, இவ்வூரின் பெயரை மேலைநாடுகளில் பரப்பிற்று. 1964-ஆம் ஆண்டில் 'மவுண்டன் பாத்' என்னும் ஆங்கில இதழ் இங்குத் தொடங்கப்பெற்றது. இன்று பல நாட்டினர் வந்து தங்குகின்றனர். அடி அண்ணாமலை முதலிய ஊர்களில் வீடு வாடகைக்குப் பெற்றுத் திங்கட்கணக்கில் வாழ்வாரும் உளர்.

ஆதலின், இங்கு இளநீர் விற்பவரும், தேநீர்க் கடை வைத்திருப்பவரும், ஆட்டோ ஓட்டுபவரும் ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை அறிந்து பேசுகின்றனர். அவருள் பலர் அதனைப் பள்ளியிற் கற்றதினும் மிகுதியாகத் தெருவிற் கற்றனர். கேட்டு வருபவர் அனைவர்க்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ருசியரும் தம் மொழியை விடுத்து ஆங்கிலத்தில் வினவுகின்றனர். தமிழரும் தம் மொழியை விடுத்து ஆங்கிலத்தில் விடையிறுக்கின்றனர். இருவர்க்கும் அயலாகிய மொழியில் நிகழும் பேச்சு ஆதலின், அருஞ்சொற்களும் நீண்ட தொடர்களும் ஆங்குப் பயன்படா. சுருங்கிய, தெளிந்த, எளிய தொடர்களே பயன்படும்.

ஆங்கிலம் ஒன்றே போதும் என்றும் கருதுதல் கூடாது. முழுநிலா நாளில் மலைவலம் வருவோருள் தெலுங்கு பேசுவார் பெருந்தொகையினர். பொருளைச் சுட்டி அவர் விலை கேட்கும்போது, 'எவ்வளவு' என்னும் பொருள் தரும் தெலுங்குச் சொல், தமிழிலுள்ள 'எந்த' என்னும் சொல்லைப் போலவே ஒலிக்கும். தெலுங்கறியாத கடைக்காரர், 'எந்தப் பொருள்?' என்று தம்மைக் கேட்பதாகக் கருதி வேறொரு பொருளை எடுத்து நீட்டுதல் இயல்பு. ஒலியால் ஒன்றுபடினும் பொருளால் வேறுபடும் சொற்கள் வாணிக மொழியில் விழிப்புடன் கற்றற்குரியன.

குழூஉக்குறி

வாணிக ஆங்கிலம் கற்கப் புகும் தமிழ் மாணாக்கர்க்கு உதவும் திறவுகோல் ஒன்று தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்துரைத்தார். ஒரு குழுவினர் ஒரு பொருளின் இயற்பெயரை ஒழித்து, தமக்குள்ளே வேறொரு பெயரால் வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்றும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும் வழங்குதல் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும்.

கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டித் திருவண்ணாமலையில் மாட்டுச் சந்தை கூடுவதுண்டு. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர் இருவர் தம் கைகளைத் துண்டினால் மறைத்து, விரல்களைப் பற்றியே விலை பேசி முடித்தல் பழைய வழக்கமாகும். எந்த விரலுக்கு எத்தனை என்பதைத் தரகரே அறிவர். அக்குறியை அறியாத உழவன், தன் எருதின் அருகே நின்றும், அதன் விலை ஏறுகின்றதா இறங்குகின்றதா என்பதை அறியாதவனாய் நிற்பான். பிறர் குறியை அறியாமையால் வரும் குறைபாடு இத்தன்மையது.

வணிகர் வழக்கில் நாட்டார் அறிந்த சொல்லும் வேறு பொருள் கொள்ளும். கோயிலுக்குச் செல்வார் உண்டியல் என்றால், காணிக்கை இடும் பெட்டி என்று கொள்வர். செட்டிநாட்டு வணிகர்க்கோ, ஓரூரில் செலுத்திய பணத்தை மற்றோரூரில் பெறுவதற்குரிய சீட்டு உண்டியல் ஆகும். முதல் என்பது பிறர்க்குத் தொடக்கம், வணிகர்க்கு மூலப்பொருள். பற்று என்பது பிறர்க்கு அன்பு. கணக்கர்க்கு ஒருவர் பெற்றுக்கொண்ட தொகை.

ஆங்கிலத்தின் இயல்பும் இதுவேயாம். 'இன்டரெஸ்ட்' என்னும் சொல் பொதுவழக்கில் ஆர்வத்தைக் குறிக்கும். கடன் பத்திரத்தில் வட்டியைக் குறிக்கும். 'ஃபர்ம்' என்பது பொதுவழக்கில் உறுதியானது. வாணிகத்தில் வணிக நிலையம். 'பேலன்ஸ்' என்பது பொதுவழக்கில் சமநிலை. கணக்கில் எஞ்சிய இருப்பு. பங்குச் சந்தையில் 'காளை' என்று ஆங்கிலேயர் கூறுவது விலை ஏறும் என்று நம்பி வாங்குபவனை. 'கரடி' என்பது விலை இறங்கும் என்று கருதி விற்பவனை. அகராதியில் முதற்கண் உள்ள பொருளை மட்டும் கற்றவன், கடன் பத்திரத்தைப் படித்து, 'ஆண்டிற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு ஆர்வம்' என்று பொருள் கொள்ள நேரும்.

இச்சொற்களின் வேரை அறிதல் நினைவில் நிறுத்துவதற்கும் உதவும். 'பேலன்ஸ்' என்பது இரண்டு தட்டுடைய துலாக்கோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 'பேங்க்' என்பது பணம் மாற்றுவோர் அமர்ந்த விசிப்பலகையைக் குறித்த இத்தாலியச் சொல்லின் வழிவந்தது; 'பேங்க்ரப்ட்' என்னும் சொல்லின் முதற்பொருள் உடைந்த பலகை. 'கேபிடல்' என்னும் சொல்லின் வேர் தலை என்னும் பொருளுடையது. தமிழர் அதனை முதல் என்றனர். தலையும் முதலும் கருத்தால் ஒன்றாதலை மாணாக்கர் கண்டு மகிழலாம்.

ஆங்கிலச் சொல்லே தமிழ்நாட்டில் புகுந்து வேறு பொருள் பூண்டு நிற்பதும் உண்டு. வீட்டு வாடகையில் 'அட்வான்ஸ்' என்று தமிழர் கூறுவது, குடியிருப்பவர் வீட்டை விட்டுச் செல்லும்போது திருப்பித் தரவேண்டிய பிணைத்தொகையை. ஆங்கிலம் பேசும் அயல்நாட்டாரோ, அச்சொல்லை முன்னதாகச் செலுத்தும் வாடகை என்று கொள்வர். அடி அண்ணாமலை போன்ற ஊரில் வீட்டுக்காரர் இச்சொல்லைக் கூற, குடிவருபவர் தம் பொருளில் உணர்ந்து தொகையைக் கொடுத்துவிடின், ஈற்றில் இருவரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று எண்ணிப் பகைக்க நேரும். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரு சொல் இரு பொருள் தந்ததே அப்பகைக்குக் காரணம். 'டெபாசிட்' என்று கூறி, 'திருப்பித் தரப்படும்' என்னும் தொடரையும் சேர்த்து எழுதிக்கொண்டால் இத்தீங்கு நேராது.

நயமொழி

மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் கூறுவது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்றலும், ஓலையைத் திருமுகம் என்றலும் இவ்வகையின. சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். தமிழ் வணிகர் இவ்வழக்குகளைப் போற்றுபவர். அவர் விளக்கை 'அணை' என்னார், 'அமர்த்து' என்பர். விடைபெறுபவர் 'போகிறேன்' என்னார். 'போய் வருகிறேன்' என்பர்.

ஆங்கில வணிகர்க்கும் இத்தகைய நயமொழி உண்டு. கேட்ட பொருள் இல்லையெனின், 'ஐ ஆம் அஃப்ரெய்ட், வி ஹாவ் நோ ஸ்டாக்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர், கடைக்காரர் எதற்கோ அஞ்சுகின்றார் என்று கொள்வர். அவர் அஞ்சவில்லை, இல்லை என்னும் கடுஞ்சொல்லை மென்மையாக்குகின்றார். அவ்வாறே 'போய் வருகிறேன்' என்பதை ஒருவர் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கிக் கூறினால், கேட்ட அயல்நாட்டார் அவர் உடனே திரும்பி வருவார் என்று எதிர்பார்த்திருப்பர்.

தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு ஒன்று இங்கு உணரத்தக்கது. தமிழில் மதிப்பு வினைச்சொல்லின் இறுதியில் அமையும். 'என்ன வேண்டுங்கள்?' என்னும்போது 'ங்கள்' என்னும் ஈறே பணிவைப் புலப்படுத்தும். ஆங்கில வினைச்சொல்லுக்கு அத்தகைய ஈறு இல்லை. எனவே, 'என்ன வேண்டுங்கள்?' என்பதை 'வாட் டு யூ வாண்ட்?' என்று பெயர்த்தால், தமிழில் இருந்த பணிவு வழியிலேயே உதிர்ந்துபோகின்றது. கேட்பவர்க்கு அது அதட்டலாக ஒலிக்கும். அவ்விடத்து ஆங்கிலேயர், 'கேன் ஐ ஹெல்ப் யூ?' என்பர், உதவலாமா என்பது அதன் பொருள். 'பணம் கொடுங்கள்' என்பதற்கு 'கிவ் மணி' என்றல் ஏவலாகும். 'ப்ளீஸ்', 'குட் யூ', 'வுட் யூ' என்னும் சொற்களைச் சேர்த்துக் கூறுதலே அம்மொழியில் 'ங்கள்' சேர்த்தற்கு ஒப்பாகும். பணிவுடைய உள்ளத்தினர் பலர், இச்சிறு வேறுபாட்டை அறியாமையால் அயலாரிடத்துப் பணிவற்றவர் எனப் பெயர் பெறுகின்றனர்.

பெயர்த்தற்கரிய சொற்களும் சில உள்ளன. நாளின் முதல் விற்பனையைத் தமிழ்நாட்டுக் கடைக்காரர் போணி என்பர். காலையில் முதலில் வருபவர் நெடுநேரம் விலை பேசிவிட்டு வாங்காமற் சென்றால் அவர்கள் உளம் வருந்துவர். கீரையும் காயும் விற்பவர் அளந்த பின்னும் சிறிது கறிவேப்பிலையோ கொத்துமல்லியோ சேர்த்துத் தருவது கொசுறு. 'தேங்க் யூ' என்று வாயாற் கூறும் நன்றியைத் தமிழ் வணிகர் கையாற் கூறுவதே கொசுறு எனலாம். இவற்றை அயலார்க்கு ஒரு சொல்லால் உணர்த்த முயல்வதினும், இரண்டு எளிய தொடர்களால் விளக்குதலே நன்று.

எண்ணும் நாளும்

சொல்லிற் பிழை நேரின் மனம் புண்படும். எண்ணிற் பிழை நேரின் முதல் அழியும். ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்' என்பது 15. 'ஃபிஃப்டி' என்பது 50. 'தர்ட்டீன்', 'தர்ட்டி' என்பனவும் அத்தகையனவே. இரைச்சல் மிக்க கடைவீதியில் இவை ஒன்றுபோலவே செவியிற் படும். இத்தகைய இடங்களில் தொகையைத் தாளில் எழுதிக் காட்டுதல் அறிவுடைமையாகும்.

பெருந்தொகைகளிலும் கருத்து வேண்டும். இந்திய நாட்டார் இலட்சம், கோடி என்று எண்ணுவர். மேலைநாட்டார் மில்லியன், பில்லியன் என்று எண்ணுவர். 10 இலட்சம் ஒரு மில்லியன். 100 கோடி ஒரு பில்லியன். பழைய ஆங்கில நூல்களைப் படிப்போர் மற்றொன்றும் நினைவிற்கொள்ளல் வேண்டும். முன்னாளில் பிரிட்டனில் பில்லியன் என்பது ஒரு மில்லியன் மில்லியனைக் குறித்தது. 1974-ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் அரசினர், ஆயிரம் மில்லியனே பில்லியன் என்னும் வழக்கை மேற்கொண்டனர்.

நாள் குறிப்பதிலும் வேறுபாடு உண்டு. 5-4 என்று எழுதினால் இந்தியரும் ஆங்கிலேயரும் ஏப்பிரல் திங்கள் 5-ஆம் நாள் என்பர். அமெரிக்கரோ மே திங்கள் 4-ஆம் நாள் என்பர். ஆதலின், வாணிகக் கடிதத்தில் திங்களின் பெயரை எழுத்தால் எழுதுதல் நலம்.

கற்கும் முறை

வாணிக மொழியை விரைந்தும் திருந்தவும் கற்பதற்குரிய வழி யாது? 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் ஜெர்மானியர், தமிழ்ச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். கற்றறிந்த பெரியார் ஒருவர் சிறுவரோடு ஒக்க இருந்து கற்க நாணவில்லை. பிழைபட நேருமே என்று நாணி வாய்திறவாதிருத்தல் மொழி கற்பார்க்குப் பெருந்தடை என்பதை இதனால் அறியலாம்.

தனிச்சொற்களை அடுக்கி உருப்போடுவதினும் முழுத் தொடர்களைக் கற்றல் சிறந்தது. வரவேற்றல், விலை கூறல், அளவு உரைத்தல், தவணை கேட்டல், மறுத்தல், குறை முறையிடல், விடைபெறுதல் என வாணிகச் செயல்கள் சிலவே. ஒவ்வொரு செயலுக்கும் வேண்டிய தொடர்களைக் குறிப்பேட்டில் தனித்தனிப் பக்கமாக எழுதி, நாள்தோறும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுதல் வேண்டும். ஆங்கிலத் தொடரின் எதிரே சொல்லுக்குச் சொல் பொருள் எழுதாமல், அவ்விடத்தில் தமிழர் இயல்பாகக் கூறும் தொடரை எழுதிக்கொள்ளல் வேண்டும்.

கேட்டதைத் திருப்பிக் கூறி உறுதி செய்துகொள்ளுதல் அடுத்த வழியாகும். 'இத்தனை பொருள், இன்ன விலை, இன்ன நாள்' என்று ஒருமுறை மீண்டும் கூறினால், தவறு அப்பொழுதே வெளிப்படும். விளங்காதவிடத்து விளங்கவில்லை என்று கூறுதல் இழிவன்று. விளங்கியதுபோலத் தலையசைத்தலே இழப்பிற்கு வித்தாகும். தமிழர் தலையை இருபுறமும் மெல்ல அசைத்து உடன்பாடு காட்டுதல் உண்டு. அயலார் அதனை மறுப்பென்று கொள்ளுதலும் கூடும். ஆதலின், ஆம், இல்லை என்பவற்றை வாயால் கூறுதலே தக்கது.

எழுத்து ஆவணத்தில் இன்னும் மிகுந்த விழிப்பு வேண்டும். ஆங்கில ஒப்பந்தத்தில் 'ஷல்' என்று வருமிடம் செய்தே தீரவேண்டிய கடமையைக் குறிக்கும். 'மே' என்று வருமிடம் செய்யலாம் என்னும் உரிமையைக் குறிக்கும். சிறு சொல் ஒன்று ஒருவரைக் கடனாளியாக்கவும் காக்கவும் வல்லது. பொருள் விளங்காத தாளில் எவர் வற்புறுத்தினும் கையெழுத்திடலாகாது. மொழியறிந்த ஒருவரிடம் காட்டித் தெளிந்த பின்னரே கையெழுத்திடல் வேண்டும். அவ்வாறு காட்டும்போதும், ஒருவர் கூற்றையே நம்பியிராது, தாமும் சிறிதேனும் படித்தறியும் ஆற்றல் பெற்றிருத்தல் பாதுகாப்பாகும். துபாஷிகள் வரலாறு கற்பிக்கும் பாடம் இதுவேயாம்.

சொல்லும் நாணயமும்

பிறமொழி கற்பதால் தாய்மொழி குன்றும் என்று சிலர் அஞ்சுவர். தாய்மொழி இலக்கணத்தை நன்கு கற்றவர்க்கு அவ்வச்சம் வேண்டா. குழூஉக்குறியையும் மங்கலத்தையும் தமிழில் கண்டறிந்தவர், அவற்றை ஆங்கிலத்திலும் எளிதிற் கண்டறிவர். பிறநாட்டுச் சொற்களைத் திசைச்சொல் என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது தமிழ் இலக்கணம். மேசை, சாவி, சன்னல், ஏலம் என்பன போர்த்துகீசியர் வழியாக வந்து தமிழர் இல்லத்தில் நிலைத்த சொற்கள். தமிழரின் 'கட்டுமரம்' ஆங்கிலத்திற் புகுந்து உலகெங்கும் வழங்குகின்றது. வாங்கியும் கொடுத்தும் வளர்தல் வாணிகத்திற்கேயன்றி மொழிக்கும் இயல்பாகும்.

கடன் என்னும் பொருளில் வழங்கும் 'கிரெடிட்' என்ற ஆங்கிலச் சொல், நம்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தது. தமிழிலும் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். வேறு வேறு நாட்டு வணிகர் தாமாகவே கண்டுணர்ந்த உண்மை இது. எந்த மொழியிற் பேசினும், பேசிய சொல்லைக் காப்பவனுக்கே பொருள் வரும். சொற்களைக் கற்றுக்கொண்டு அயலாரை ஏமாற்றுபவன், ஒருநாள் பொருளைப் பெற்று என்றைக்கும் வாடிக்கையை இழப்பான். ஆதலின், இளைஞர் அனைவரும் தாய்மொழியில் திறம் பெற்று, பிறமொழியிலும் தெளிவாகப் பேசக் கற்று, கூறிய விலையும் குறித்த நாளும் பிறழாத வணிகராய் வாழ்தல் வேண்டும். அத்தகையோர் கடையில் மொழி வேறுபாடு தடையாகாது. அவர்தம் சொல்லே காசாக மதிக்கப்படும்.